கொதிநீரில் போட்ட குடல்

போடில் ரவ்ன்ஹோல்ட் கோபன்ஹேகனில் எங்கள் ஆய்வகத்தில் பதினோரு வருடம் பன்றிக்குடலோடு மாரடித்தவள். பித்தப்பையைச் சுருங்க வைக்கும் ஹார்மோனை அந்தக் குடலிலிருந்து பிரித்தெடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஆய்வாளன் எஸ்கில் திட்டம் போடுவான். போடிலும் நானும் கை நாற நாற வேலை செய்வோம்.

அந்த ஹார்மோன் முதலில் நீளமான சங்கிலியாக உருவாகும். பிறகு நொதிகள் அதை நறுக்கும். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் குட்டைத் துண்டுகள். குடலில் இருப்பதே இவ்வளவுதான் என்று எஸ்கில் எழுதியும் விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு இறைச்சிக்கூடத்திலிருந்து குடல் வரும். அன்றைக்குத்தான் முறைவைத்து ஒருவர் பேக்கரி ரொட்டி வாங்கி வருவார். ஒன்பதுக்குப் பேராசிரியர் முதல் குப்பி கழுவுகிறவர் வரை எல்லாரும் காபி மேஜையில் இருந்தாக வேண்டும். வராவிட்டால் பெரிய மனுஷி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். குடலை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டு வருவது என் பொறுப்பு. ஐஸ் மேல்தானே இருக்கிறது என்ற தைரியம் எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை போடிலுக்குப் பல்வலி. ரொட்டி வேண்டாமென்று உள்ளேயே இருந்தவள், சும்மா இருக்க முடியாமல், நான் நறுக்கி வைத்துவிட்டுப் போன குடலை அப்போதே எடுத்துக் கொதிநீரில் போட்டாள். மறுவாரம், பிரித்தெடுத்ததை அளந்த வரைபடத்தில், எப்போதும் வராத இடத்தில் ஒரு மேடு. நறுக்கப்படாத நீளச் சங்கிலி அது.

"நாம அங்க காபி குடிக்கிற நேரத்துல இங்க நொதி நறுக்கித் தள்ளிட்டு இருந்திருக்கு, கெர்டா. கொதிநீர்ல போட்டா அது செத்துடுது" என்றாள் என்னிடம்.

இன்னும் நாலு வெள்ளிக்கிழமை அவள் மேஜைக்கே வரவில்லை. நம் ரொட்டி அவளுக்குத் தொண்டையில் இறங்காதாம் என்று எஸ்கில் கிண்டலடித்தான். நாலு தடவையும் அந்த மேடு வந்ததும் கிண்டல் நின்றது. ஒருமுறை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவளுடைய நோட்டை வாங்கிப் போனான். அவள் மகளுக்கு ஞானத்தகப்பன் அவன். சந்தேகப்பட அவளுக்கு என்ன இருக்கிறது?

கட்டுரை தயாரானபோது அதில் எஸ்கில் பெயரும் பேராசிரியர் பெயரும் மட்டும்தான் இருந்தன. படுபாவி, நன்றி சொல்லும் வரியில்கூட அவளை இறைச்சிக்கூடத்துக்குப் பின்னால் போட்டிருந்தான். தன் பெயரும் சேர வேண்டும் என்று போடில் கேட்டாள். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

பேராசிரியர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். யோசனை தன்னுடையது என்று எஸ்கில் கண் சிமிட்டாமல் சொன்னான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"கெர்டா, நீ இவங்களோடதானே வேலை செஞ்ச? முதல்ல கொதிக்க வெச்சது யாரு?"

போடில் பதறவே இல்லை. நான் இருக்கிறேனே என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கோ அடுத்த கேள்விதான் காதில் கேட்டது: பதினோரு வருடமாகக் குடலைத் தட்டில் காயப் போட்டது யார்?

"எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம். யாரு முதல்லன்னு ஞாபகம் இல்ல" என்றேன். நல்ல பதில் என்று பேராசிரியர் தலையாட்டினார். அவள் பெயர் இல்லாமலே கட்டுரை போயிற்று.

நடைவழியில் போடில் என்னை நிறுத்தினாள். "அவன் திருடன், விடு. நீ என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே சொன்னியே."

அந்த மாதமே அவள் வேலையை விட்டாள். குடலைக் கொதிநீரில் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.