முழங்காலில் வைத்த கை

எழுபதுகளின் நடுவில் நடந்தது. செங்கல்பட்டில் எங்கள் வீடு. மாமல்லபுரத்தில் என் கணவருக்குச் சிப்பிமாலைக் கடை. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத மனுஷர். அவருக்குப் போய்ப் பெருங்குடலில் புற்றுநோய். கட்டியை வெட்டி எடுத்த பிறகும் ஈரலுக்குப் பரவிவிட்டது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புது வைத்தியம் ஒன்று செய்து பார்க்கலாம் என்றார்கள். கை நரம்பில் ஏற்றும் மருந்து உடம்பு முழுக்கப் போகும். அதோடு, தொடை வழியாக மெல்லிய குழாயை ஈரலின் ரத்தக்குழாய்வரை செலுத்தி, அங்கேயும் நேராக மருந்து விடுவார்கள். இரண்டும் சேர்ந்தால் கொஞ்ச காலம் கிடைக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் காலை மட்டும் மடக்கவே கூடாது. குழாய் நழுவினால் மறுபடி போட உடம்பு தாங்காது என்றும் சொன்னார்.

நான் அவர் முழங்காலில் கையை வைத்தபடியே கிடந்தேன். "இத்தினி வருசத்துல ஒரு நாளு என் கால அமுக்கி வுட்ருப்பியா? இப்ப இன்னாடான்னா வுடவே மாட்டேங்குற" என்று கேலி செய்வார். ஐந்து வேளையும் படுத்தபடியே, கண் ஜாடையால் தொழுதார். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகை அது.

ஒரு நாள் அவருக்குக் கடுமையான காய்ச்சல். அவருடைய அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மத்தியானக் கஞ்சி வாங்கக் கீழே போனேன். அப்போது பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். திரும்பி வந்து பார்த்தால், மனுஷர் கட்டிலில் மண்டியிட்டு, நெற்றியைத் தலையணையில் பதித்திருந்தார். காய்ச்சல் மயக்கத்தில் பழக்கம் அவரை எழுப்பிவிட்டிருக்கிறது. விரிப்பெல்லாம் ரத்தம்.

அக்கா சுவரோரமாக ஒதுங்கி நின்றார். "புடிச்சி நிறுத்தக் கூடாதா?" என்று கத்தினேன்.

"தக்பீர் கட்டி தொழ ஆரம்பிச்சிட்டாம்மா. தொழுதுகினு கீறவன நான் எப்டி தொட்றது?" என்று அழுதார். தொழுகிறவருக்குக் குறுக்கே நடக்கக்கூட எங்கள் வீடுகளில் பயப்படுவோம்.

குழாய் வெளியே வந்துவிட்டது. கை வழியாக ஏறிய மருந்து மட்டும் போதவில்லை. மஞ்சள் பூத்த கண்களோடு ஊருக்குக் கூட்டி வந்தோம். "அன்னிக்கு ஒயுங்கா தொழுதனா?" என்று கேட்டார். "நல்லா தொழுதீங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் மவுத்தாகிவிட்டார்.

தொழுகையைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. அக்காவைத் திட்டவும் மனசில்லை. குழாய் இருந்திருந்தால் மட்டும் பிழைத்திருப்பாரா, அதுவும் தெரியாது. கோபப்பட ஆளில்லாத துக்கம் ஆறுவதே இல்லை. இன்றைக்கும் பாங்கு கேட்டால், நான் எழுந்திருக்கும் முன்பே என் கை பக்கத்தில் அவர் முழங்காலைத் தேடுகிறது.