மூணை ரெண்டு பேருக்குப் பங்கு வைத்தால்

இன்றைக்கு மூன்றாம் வகுப்பில் சமமாகப் பங்கிடுதல் பாடம். எல்லாருக்கும் சிவப்பு மஞ்சாடிக்குரு விதைகளைக் கொடுத்து, சமமாகப் பிரித்து வைக்கச் சொன்னேன்.

செல்வி மட்டும் தொடவே இல்லை. அவள் அப்பாவுக்குக் கிழக்கேகோட்டையில் ஓட்டல் வேலை.

“டீச்சரே, மூணை ரெண்டு பேருக்கு எப்படிப் பங்கு வெக்கும்?”

“ஆளுக்கு ஒண்ணு. மீதி ஒண்ணு.”

“அப்போ நான்தான் மீதி.”

எனக்குப் புரியவில்லை. மெல்லக் கேட்டேன். அப்பாவும் அம்மாவும் பிரிகிறார்களாம். அண்ணன் அப்பாவோடு, கைக்குழந்தைத் தம்பி அம்மாவோடு. இவளுக்கு நாகர்கோவிலில் ஹாஸ்டல் பார்த்தாயிற்றாம்.

“நான் தப்பு ஒண்ணும் செய்யலையே டீச்சரே?”

“இல்ல மக்களே” என்றேன். அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன்.

சாயங்காலம் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் பேசிப்பார்த்தேன். “எனக்கும் ஆசைதான் டீச்சர். வீட்டோட தங்கி வேலை பாக்கப் போறேன். கைக்குழந்தைக்கே அந்த வீட்டுக்காரங்க யோசிச்சுத்தான் சம்மதிச்சாங்க” என்று அழுதாள். செல்வி, அம்மா இடுப்பிலிருந்த தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாளைக்கு மீதி வரும் கணக்கு நடத்த வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லாமல் வகுத்தல் நடத்தத் தெரிந்த டீச்சர்மார் யாராவது இருந்தால், கொஞ்சம் சொல்லுங்களேன்.