பென்சில் பெட்டியில் ஒரு ரோட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் காருக்கான இரண்டாவது ரோட்டர் இருந்ததா, இல்லையா? இருபத்தைந்து வருடங்களாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பதில் தெரிந்த அப்பா சுங்கை வேயில், என் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில்தான் இருக்கிறார். ஆனாலும் நான் கேட்டதில்லை.

எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அப்பா கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடைக்குப் பின்னாலிருந்து மோரிஸ் மைனர் ஒன்றை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கார் என்று அவர்தான் சொன்னார். நாங்கள் பார்த்தது துருப்பிடித்த ஒரு கூடும் அதன் பின்சீட்டில் ஒரு கோழிமுட்டையும்.

"முட்டையாச்சும் நல்லா இருக்கா பாருங்க" என்றார் அம்மா.

தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, மூன்று வருடங்கள் அப்பா அதைத் தேய்த்தார், தட்டினார், ஒட்டினார். அம்மாவின் துணிக்கொடி வீட்டுக்கு முன்னாலிருந்து பின்னால் போனது. கடைசியில் வெளிர்பச்சை நிறத்தில் ஒரு கார் உண்மையாகவே எழுந்து நின்றது. பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பூ வாங்கப் போகும்போது அம்மாகூட முன்சீட்டில் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவார்.

யாராவது திருடிவிடுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். அதனால் வெளியே போய்விட்டு வந்ததும் பானெட்டைத் திறந்து, ரோட்டர் என்ற கட்டைவிரல் அளவுப் பழுப்புத் துண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பார். அது இல்லாவிட்டால் கார் இருமும், கிளம்பாது. வீட்டிலேயே வைத்திருக்கும் என் பென்சில் பெட்டியில் ரப்பருக்குப் பக்கத்தில் அது இருக்கும். மறுபடி கிளம்பும்போது நான்தான் பொருத்த வேண்டும். என் வகுப்பில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு வேலை கிடையாது.

எனக்கு ஒன்பது வயதான வருடம் காட்டுத்தீயால் வரும் புகைமூட்டம் மோசமாக இருந்தது. தம்பிக்கு இரண்டு வயது, அடிக்கடி இழுப்பு வரும். எங்கள் காரில் ஏர்கோன் இல்லை. கண்ணாடியை ஏற்றினால் பிள்ளை வேகும், இறக்கினால் புகை. அப்பா ஒரு வாரம் தினமும் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, காரை விற்றுவிட்டு ஏர்கோன் உள்ள ஒன்றை வாங்கலாம் என்றார்.

கிள்ளானில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு அதைக் கேட்டார். புதுவண்டி எடுப்பதுபோலச் சக்கரத்தடியில் வைத்து ஏற்றுவதற்கு நான்கு எலுமிச்சம்பழங்களோடு அந்த ஞாயிறு காலை வந்து இறங்கினார்.

"போட்டாச்சாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"போட்டாச்சுப்பா" என்றேன். ரோட்டர் பென்சில் பெட்டியில் இருந்தது.

கார் இருமியது. மறுபடி இருமியது. அப்பா இறங்கி, பானெட்டைத் தூக்கி, ரோட்டர் இருக்க வேண்டிய இடத்தின் மூடியைக் கழற்றினார். அவர் நின்ற இடத்திலிருந்து அந்த வெற்றிடம் தெரியாமல் இருக்காது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடியைத் திரும்ப வைத்தார்.

"இன்னிக்கு அதுக்கு மனசில்ல போல, அண்ணே. அடுத்த ஞாயிறு வாங்க." என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னா தம்பி, பொண்ணு பாக்க வந்தா பொண்ணு ரூம விட்டே வர மாட்டேங்குது லா!" என்று சிரித்தார் வந்தவர். ஒன்றும் குடிக்காமல் அனுப்பக் கூடாதென்று அம்மா அந்தப் பழங்களிலேயே இரண்டைப் பிழிந்து ஜூஸ் கொடுத்தார். "என் பழத்த எனக்கே குடுக்கிறீங்களே, தங்கச்சி" என்றபடி அவர் இரண்டு கிளாஸ் குடித்தார்.

அதன் பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்தபோது வாசலில் அம்மாவின் தோளில் தம்பி. ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் விலா உள்ளே போய் வந்தது. டாக்சி வரவில்லை. நான் அறைக்குள் ஓடி, பென்சில் பெட்டியைத் தரையில் கொட்டி, ரோட்டரை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்தேன்.

காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏறும்மா, சீக்கிரம்" என்றார் அப்பா.

ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மா ஈரத்துண்டால் தம்பியைப் புகையிலிருந்து மறைத்துப் பிடித்திருந்தார். நான் ரோட்டரைக் கைக்குள் இறுக்கியிருந்தேன். தம்பிக்காகக் கார் தானாகவே கிளம்பிவிட்டது என்று முழுதாக நம்பினேன். பள்ளியில் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது அவன்தான் எங்கள் வீட்டிலேயே உயரம்.

அடுத்த ஞாயிறு இரும்புக்கடைக்காரர் புதுப் பழங்களோடு வந்தார். கார் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. அப்பா என்னைப் பார்க்காமல், என் பக்கம் கையை மட்டும் நீட்டினார். நான் ரோட்டரை வைத்தேன். அதைத் தன் கைக்குட்டையில் சுற்றிக் கடைக்காரரிடம் கொடுத்தார்.

"ஸ்பேர், அண்ணே. வச்சுக்குங்க."

நான்கு பழங்களையும் நசுக்கிக்கொண்டு கார் போனது. மறுநாள் அம்மாவின் துணிக்கொடி முன்பக்கம் வந்தது.

ரோட்டர் இல்லாமல் அந்தக் கார் தானாகக் கிளம்பியிருக்க முடியாது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பா இரண்டாவதைத் திங்கட்கிழமை வாங்கியிருந்தால், நான் செய்ததைத் தெரிந்துகொண்டு சத்தமில்லாமல் சரிசெய்திருக்கிறார். ஆனால் மூன்று வருடம் ஒரு காரைக் கட்டியவரிடம் ஒரு ஸ்பேர் இருந்திருக்காதா? இருந்தும் ஞாயிறன்று எடுக்கவில்லை என்றால், அந்த விற்பனையைத் தள்ளிப்போட்டது நானா, அவரா? தம்பி புகையில் ஆஸ்பத்திரிக்குப் போன அந்தப் புதன்கிழமைக்கு யார் பொறுப்பு? அவருக்கு எழுபது வயதாகிவிட்டது. எந்தப் பதில் வந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். அவளுக்கு ஐந்து வயது. என் கணவருக்கு ஜொகூரில் வேலை, ஞாயிறு மதியம் கிளம்பினால் வெள்ளிக்கிழமைதான் வருவார். போன ஞாயிறு கார் சாவியைக் காணவில்லை. மகள் தெரியாது என்றாள். அவளுடைய விளையாட்டுச் சமையல் பானையைத் திறந்தேன், சாவி உள்ளே இருந்தது. மூடிவிட்டேன். பிறகு நாற்பது நிமிடம் எல்லோரோடும் சேர்ந்து நானும் சோபாவுக்கு அடியில் தேடினேன். கடைசியில் யாரும் பார்க்காதபோது சாவியை எடுத்துச் செருப்பு அலமாரியில் வைத்து, "இங்க இருக்கு பாருங்க" என்றேன். தாமதமாகிவிட்டதால் கணவர் மழையில் ஓட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தேன் என்று செய்தி வரும்வரை நான் உட்காரவில்லை.

அவளுக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மையா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். நான் பானையைத் திறந்ததை அவள் பார்த்திருக்கலாம்.

படிப்பவர்களில் தாய்மார்கள் இருந்தால் சொல்லுங்கள். அவளை உட்காரவைத்துப் பேச வேண்டுமா, அல்லது அப்பாவைப் போலக் கையை மட்டும் நீட்டினால் போதுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் நல்லது.