தொட்டில் சேலையில் வந்த வாசம்

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி நான் சிலமலைக்கு வந்த புதிது. போடிக்கு மேலே மலையில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காய் எடுக்கும் நாட்களில் வேலையாட்களோடு நானும் என் ஓரகத்தியும் ஜீப்பில் ஏறிவிடுவோம். எனக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசத்தை வைத்தே என்ன குழம்பு என்று சொல்லிவிடுவேன். ஓரகத்தி அதற்காக என்னை ஓயாமல் கேலி பண்ணுவார்.

அன்று அவருடைய கைக்குழந்தையை ஒரு நிழல் மரத்தில் சேலைத் தொட்டில் கட்டித் தூங்க வைத்திருந்தோம். ஏலப்பூவுக்குத் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும் என்பதால், தோட்டத்தில் தேனீயைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள். அந்த மரத்தின் உச்சியில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்ததை ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

திடீரென்று குழந்தை வீறிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தொடையில் ஒரு தேனீ. ஓரகத்தி அதைத் தொட்டில் சேலையோடு சேர்த்து நசுக்கினார். உடனே குப்பென்று கனிந்த வாழைப்பழ வாசம்!

"ஏக்கா, பிள்ளைக்குப் பழம் குடுத்தியா?"

"பால்குடிப் பிள்ளைக்கு என்னடி பழம்? கேக்குற நேரத்தைப் பாரு!" என்றார் ஓரகத்தி.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலிருந்து தேனீக்கள் திமுதிமுவென்று இறங்கிவிட்டன. ஓரகத்தி பதறிப்போய், குழந்தையை அதே சேலையால் இறுக்கிச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். ஆனால் அவர் முகமும் கையும் திறந்து கிடக்க, தேனீக்கள் ஏன் அந்தச் சேலையையே தேடித் தேடிக் கொட்டுகின்றன? அதுவும் நசுக்கிய அந்த இடத்தில்? பழ வாசம் வேறு கூடிக்கொண்டே போனது.

"அக்கா, சேலையை விடு! அந்த வாசத்துக்குத்தான் வருது!"

"போடி கிறுக்கி! பிள்ளை செத்துரும்டி!"

பேசிப் பயனில்லை. குழந்தையைப் பிடுங்கி, சேலையை உருவித் தூர எறிந்துவிட்டு ஓட்டம் பிடித்தேன். அவர் திட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். பக்கத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள் போய் விழுந்தோம்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஏலச்செடி மேல் கிடந்த வெறும் சேலையைத் தேனீக்கள் மொய்த்து மொய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தன. அம்மாடி! என் கையிலும் கழுத்திலும் பட்ட கொட்டுகளின் வலிகூட மறந்துபோனது. போடி ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு குழந்தைக்கு வீக்கம் வடிந்தது. அதுவரை ஓரகத்தி என் கையை விடவே இல்லை.

கொட்டும்போதும் நசுக்கும்போதும் கொடுக்கிலிருந்து கிளம்பும் அந்த வாசம்தான் மற்ற தேனீக்களைச் சண்டைக்குக் கூப்பிடும், புகை அதை மறைத்துவிடும் என்று பல வருஷம் கழித்து ரேடியோவில் சொன்னார்கள். கேட்டுவிட்டு, போட்டது போட்டபடி உட்கார்ந்துவிட்டேன். அன்று என்னிடம் தைரியம் என்று ஒன்றும் இல்லை. இது என்ன வாசம் என்று தெரிந்துகொள்கிற அரிப்புதான் இருந்தது, அதில் ஒரு பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.