பெரிய வெள்ளியன்று பேசிய பெட்டி

கிட்டார் இன்னும் கனமாக ஒலிக்கட்டும் என்று தஞ்சாவூர் வீட்டில் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, ஒரு வால்வை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினேன். கண்ணாடிக் குழல் சூடேறி, மேலே படிந்திருந்த தூசி கருகும் வாசனை வந்ததும் பழைய வெட்கத்தில் என் காது மடல் சுட்டது. அது தரங்கம்பாடி வாசனை.

என் சின்ன வயதில் அங்கே எங்கள் சர்ச்சில் அப்பாதான் கிட்டார் வாசிப்பார். பழைய ரேடியோவைப் பிரித்து அவரே செய்த ஆம்ப்ளிஃபயர். எந்த வால்வைப் போட்டாலும் அவருக்குத் திருப்தி கிடையாது. ஒரு பெரிய வெள்ளிக்கு இருப்பதிலேயே வலுவான வால்வைப் போட்டுக் கொண்டுவந்தார்.

"மௌனமாக ஜெபிப்போம்" என்றார் போதகர். சபையே தலைகுனிந்தது. அந்த நேரம் பார்த்து, பெட்டி எங்கிருந்தோ வானொலியை இழுத்துத் தானாகப் பேசியது: "கோடை நெல்லில் புகையான் பூச்சி தென்பட்டால், வயலில் தண்ணீரை வடித்துவிடுங்கள்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். நான் என் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'புகையான் மக'.

"பெரிய வெள்ளியன்னைக்குமா இந்த நோண்டல்?" என்று அம்மா வழியெல்லாம் திட்டினார். அப்பாவோ என்னிடம் குனிந்து, "எவ்வளவு தெளிவா கேட்டுச்சு, பாத்தியா?" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

இப்போது என் ஆம்ப்ளிஃபயரும் கரகரத்தது. பெட்டிக்குள் யாரோ செய்தி வாசித்தார்கள். கல்லூரித் தோழிகளோடு கூடத்தில் இருந்த மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, ஆஃப் பண்ணும்மா, ப்ளீஸ்!"

"எவ்வளவு தெளிவா கேக்குது, பாத்தியா?" என்றேன்.

அவள் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தாள்.