சாதுவான மாடு வேணும்னு கேட்டோம்

என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர். எத்தனை முறை சோப்பு போட்டுக் குளித்தாலும் அந்த வாசனை அவரை விட்டுப் போகாது. எனக்குப் பழகிவிட்டது. மாடுகளுக்குப் பழகவில்லை.

ஆம்பூருக்கு வெளியே, மலையடியில் எங்கள் வீடு. அப்போது இரண்டு மாடுகள் இருந்தன. ஒன்று செவலை, பரம சாது. இன்னொன்று கறுப்பும் வெள்ளையுமான கலப்பின மாடு. அது பால் ஜாஸ்தி கொடுக்கும், கோபமும் ஜாஸ்தி. ஒருநாள் தொட்டியில் தண்ணீர் ஊற்றப் போனவரை அது உதைத்ததில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் அவர் மாட்டுக் கொட்டாய்க்குள் வரவில்லை. வெளியே நின்றபடியே வைக்கோலைத் தள்ளிவிடுவார். குளம்புச் சத்தம் கேட்டால் தோள் தானாக உயரும்.

உதைக்கும் என்று வாங்கியவரிடம் சொல்லித்தான் அந்த மாட்டை விற்றோம்.

செவலை பருவத்துக்கு வந்தபோது மாட்டு டாக்டரிடம் கேட்டேன். "பால் கம்மியா இருந்தாலும் பரவால்ல சார். சாதுவான கன்னு பொறக்கணும். அதுக்கேத்த சினை ஊசி இருக்குதா?"

அவர் சிரிக்கவில்லை. "ஒரு காளையோட ஊசி இருக்குது. அதுக்குப் பொறந்த மாடுங்க அணைக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டுல நிக்குது. போய்ப் பாத்துட்டு வாங்க. தாய் சாது, தகப்பனும் சாதுன்னா பாதி வேலை முடிஞ்சுது. மீதி நீங்க வளக்கறதுலதான் இருக்குது."

மறுநாளே விடியலில் வண்டியில் கிளம்பினோம். பாலாற்றங்கரை முழுக்கப் பனி. முன்னால் போன லாரியின் பின்விளக்கு மட்டும் சிவப்பாக மிதந்துகொண்டே போனது. அந்த வீட்டில் மூன்று மாடுகள் அசைபோட்டபடி படுத்திருந்தன. ஒன்றின் முதுகில் கோழி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரம்மா எங்களோடு பேசிக்கொண்டே, காலைக்கூடக் கட்டாமல் இன்னொரு மாட்டைக் கறந்துகொண்டிருந்தார். தள்ளியே நின்ற என் கணவரை நோக்கி அந்த மாடு கழுத்தை நீட்டியது. அவர் சட்டையை நிதானமாக மோந்தது. பிறகு தவிட்டுக்குத் திரும்பிவிட்டது.

திரும்பும் வழியில் டீ குடிக்கும்போது என் கணவர் சொன்னார். "அந்தக் காளையோட ஊசியே போடச் சொல்லு."

செவலைக்குக் கிடேரிக் கன்று பிறந்தது ஒரு மழைநாள் காலையில். ஈரத்தோடு நடுங்கிய கன்றைத் தாய் நக்கி முடித்ததும், துவைத்தும் வாசனை போகாத அவருடைய பழைய வேலைச் சட்டையால் துடைத்தேன். அது பிறந்ததும் அந்த வாசனையை அறியட்டும் என்று எனக்குத் தோன்றியது.

"இன்னாங்க, கொஞ்சம் வந்து புடிங்க," என்று கூப்பிட்டேன். வாசலிலேயே வெகுநேரம் நின்றார். பிறகு வந்தார்.

அதன் பிறகு வந்த மாலைகள் எனக்கு ஒரே நீண்ட மாலையாகத்தான் நினைவில் இருக்கின்றன. அவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். கன்று அவர் தொடையில் தாடையை வைத்துத் தூங்கும். காது, கால், அடிவயிறு என்று அவர் கை மெல்லப் போய்வந்துகொண்டிருக்கும். ஏலகிரிப் பக்கம் வானம் மஞ்சளாகி, ஊதாவாகி, மலையும் மேகமும் ஒன்றாகிவிடும். யார் தூங்குகிறார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

அந்தக் கிடேரி வளர்ந்து முதல் கன்று போட்டது. முதன்முதலாகக் கறக்கிற அன்று பக்கத்து வீட்டு அண்ணன் கயிற்றோடு வந்தார். "தலைச்சன் மாடுப்பா, நம்ப முடியாது. காலைக் கட்டிடலாம்."

"வேணாம்ணா," என்றார் என் கணவர். குந்தி உட்கார்ந்து காம்பைத் தொட்டார். மாடு பின்னங்காலைத் தூக்கியது. கால் ஒரு கணம் காற்றில் நின்று, மெதுவாகத் தரையில் இறங்கியது. வாளியில் சீம்பால் விழும் சத்தம் கேட்டது. அவர் நெற்றியை அதன் விலாவில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் கறந்துகொண்டிருந்தது. அண்ணன் சத்தமில்லாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறந்த கன்று அப்படி இல்லை. ஆளைக் கண்டாலே துள்ளி ஓடுகிறது. "எல்லாம் ஒரே மாதிரி வராதும்மா," என்கிறார் டாக்டர். என் கணவர் விடுவதாக இல்லை. வேலை விட்டு வந்ததும் ஒரு பிடி அகத்திக்கீரையோடு அதன் பின்னாலேயே சுற்றுகிறார்.

"இன்னிக்குக் கழுத்தைத் தொட விட்டுச்சு," என்றார் நேற்று, கைகூடக் கழுவாமல் வந்து நின்று.