அடிப்பூச்சு

எங்கள் காரின் சக்கரங்களில் இருந்த காற்றைக்கூட நைனா காசு கொடுத்துத்தான் வாங்கினார். பெட்ரோல் பங்க்கில் சும்மா அடித்துவிடுகிற காற்று இல்லை அது. நைட்ரஜன் என்று பெயர் சொல்லி விற்ற காற்று. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கார் ஒன்றும் புதிதில்லை. பெரிய ஷோரூம் ஒன்றின் பழைய வண்டிப் பிரிவில் நைனா வாங்கி வந்தது. விம்கோ நகரில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் என்பதால் பழசு என்று யாரும் குறை சொல்லவில்லை. தெருவோரம்தான் நிற்கும். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால், காலையில் அதன் மேல் மாவு சலித்ததுபோல் சாம்பல் படிந்திருக்கும். நைனா துறைமுக வேலைக்குப் புறப்படும் முன் அதைத் துடைப்பார். மஞ்சள் ஹெல்மெட்டோடு அவர் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, கப்பல்களெல்லாம் அவர் கைகாட்டினால்தான் நகரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வண்டியை சர்வீஸுக்கு விடப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிப்போவார். ஷோரூமில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடவே ஓர் ஆள் உண்டு. உள்ளே குளுகுளுவென்று இருக்கும். சோபாவில் உட்கார்ந்ததும் காகிதக் கோப்பையில் காப்பி வரும். கொஞ்ச நேரத்தில் டை கட்டிய ஓர் இளைஞன் வந்து, நைனாவுக்குப் பக்கத்தில் பவ்யமாக முதுகை வளைத்து நின்று ஆரம்பிப்பான்.

"சார், இந்தத் தடவை டெஃப்ளான் கோட்டிங் போட்டுடலாமா சார். பெயிண்ட் பளபளன்னு நிக்கும் சார். ஏ.சி.க்கு கிருமிநாசினி அடிச்சுடறோம் சார். இன்ஜினுக்கு உள்பக்கம் ஒரு கிளீனிங். அடியில துரு பிடிக்காம இருக்க ஒரு கோட்டிங் சார்."

நைனா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவார். "போட்ரு" என்பார். வேண்டாம் என்ற சொல் அந்த ஹாலில் மட்டும் அவர் வாயில் வரவே வராது. வெளியே வந்து நான் இன்னொரு ஐஸ் கேட்டால் உடனே வரும்.

வண்டி வீடு திரும்பியதும் சண்டை தொடங்கும். ஏ.சி.க்குள் அடித்த எலுமிச்சை வாசனையில் அம்மாவுக்குக் குமட்டும். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வருவாள். ஏ.சி.யைப் போடவே மாட்டோம், அதற்கு எதற்கு மருந்து என்று கேட்பாள். காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிற என் மாமா, அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னா மாமா, காத்துக்குக்கூடவா துட்டு குடுத்துகினு கீற. கடலோரம் வா, மூட்ட மூட்டயா தரேன்."

ஆனால் அந்த அடிப்பூச்சை மட்டும் அவரும் ஒப்புக்கொண்டார். "இது ஒண்ணுதான் நாயம். போட்டுக்கு அடியில பெயிண்ட் அடிக்காம எவனாவது கடல்ல எறக்குவானா. உப்புக் காத்து இரும்ப துன்னுடும்" என்றார். அதனால் அதைப் பற்றி மட்டும் அம்மா வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் அதற்குத் தனியாகக் காசு போயிற்று.

எனக்கு முதல்முறையாக நற்கருணை அப்பம் தரும் புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அது தான் பிறந்து வளர்ந்த ராயபுரத்துப் பங்குக் கோயிலில்தான் நடக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அதற்காக மாதக்கணக்கில் என்னை அங்கே ஞானோபதேச வகுப்புக்கு அனுப்பியிருந்தாள். பாதம் வரைக்கும் வெள்ளை கவுன், தலைக்கு முத்து வைத்த கிரீடம், கையில் ரிப்பன் சுற்றிய மெழுகுவர்த்தி. தையல்கார அக்கா கவுனைக் கடைசி நாள் வரை அலைக்கழித்துக் கொடுத்திருந்தாள். அது கசங்கிவிடக் கூடாது என்று பின்சீட்டில் எனக்குப் பாதிக்கு மேல் இடம் ஒதுக்கி, மாமா கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முந்தைய நாள் நல்ல மழை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போல் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. நைனா அவற்றின் ஓரமாக வண்டியை ஊரவிட்டார். பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாத இடத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. என் காலடியில் விரித்திருந்த மிதியடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அடுத்த நொடி கறுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து என் முழங்காலுக்குக் கீழே கவுனை நனைத்துவிட்டது. நிலக்கரித் தூளும் டீசலும் கலந்த தண்ணீர்.

எனக்கு முதலில் அழக்கூடத் தோன்றவில்லை. மாமா குனிந்து மிதியடியை விலக்கிப் பார்த்தார்.

"அக்கா," என்றார், "கீழ ரோடு தெர்து."

நிஜமாகவே தெரிந்தது. என் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் விளிம்பெல்லாம் அப்பளம்போல் பொரிந்திருந்தது. மாமா விரலால் தொட்டதும் இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. நைனா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வண்டியைக் கோயிலுக்கே ஓட்டினார்.

கோயில் குழாயடியில் அம்மா கவுனைக் கசக்கிக் கழுவினாள். கறுப்பு போய்ப் பழுப்பு வந்தது. அதோடு அது பரவியும்விட்டது. ஞானோபதேசம் சொல்லித்தந்த சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதல் வரிசையில் நிற்க வேண்டிய என்னைக் கடைசிக்குக் கொண்டுபோய், இருக்கிறவர்களிலேயே உயரமான பையனுக்குப் பின்னால் நிறுத்தினார். "ஆண்டவர் மனசைத்தான் பார்ப்பார்" என்றார். அப்படியென்றால் என்னை ஏன் ஒளித்துவைக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அன்று எடுத்த குரூப் போட்டோவில் என் கிரீடம் மட்டும்தான் தெரிகிறது.

பூசை முடிந்ததும் அம்மா காரில் ஏறி, "ஷோரூமுக்கு வுடு" என்றாள்.

"இன்னிக்கி வோணாம். வூட்ல அல்லாரும் காத்துகினு இருப்பாங்க" என்றார் நைனா.

"காத்துகினு இருக்கட்டும். நீ வுடு."

வீட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, நாங்கள் ஷோரூமுக்குப் போனோம். பட்டுப்புடவையில் அம்மா. கிரீடமும் மெழுகுவர்த்தியுமாக, பழுப்புக் கவுனில் நான். கால்களைச் சீட்டின் மேல் தூக்கிவைத்தபடி வந்த மாமா. கதவு திறந்துவிடுகிற ஆள் எங்களைப் பார்த்துத் திறக்க மறந்தான்.

டை கட்டிய இளைஞன் ஓடிவந்தான். அம்மா ஓட்டையைப் பற்றிச் சொன்னதும், வண்டி பழசு, கடலோரம், உப்புக் காற்று என்று அடுக்கினான். அம்மா அவன் முடிக்கும்வரை கேட்டாள். "தூக்கிக் காட்டு" என்றாள். அவன் தயங்கினான். அம்மா நேராக வேலை நடக்கிற பக்கம் நடந்தாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நின்ற நிலையைப் பார்த்த ஒரு மெக்கானிக், யாரையும் கேட்காமல் எங்கள் வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். செங்கல் நிறத்தில் துரு. பக்கத்து லிஃப்டில் வேறொரு கார் நின்றது. அதன் அடிப்பக்கம் தார் பூசியதுபோல் கெட்டியாகக் கறுத்திருந்தது.

"அதுக்கு அடியில கருப்பா கீதே, அது இன்னா" என்றாள் அம்மா.

"அதுதான் கோட்டிங், மேடம்."

"அப்ப இதுல இருக்கறது இன்னா."

அவன் தன் டையைத் தடவினான். "பூசியிருப்போம் மேடம். போயிருக்கும்."

"போனா எங்கியாவது ஒரு ஓரத்துல மிச்சம் ஒட்டிகினு இருக்கும்ல. ஒரு பொட்டு காட்டு. நான் இப்டியே போயிடறேன்."

காட்ட ஒரு பொட்டுகூட இல்லை. கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் பளபளவென்று மெழுகியிருந்தார்கள். மூக்குக்குத் தெரிகிற இடத்தில் எலுமிச்சை அடித்திருந்தார்கள். படுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற இடத்தில் மட்டும் கையே வைக்கவில்லை. அவர்கள் விற்ற அத்தனையிலும் எங்களுக்கு நிஜமாகத் தேவைப்பட்டது அந்த ஒன்றுதான்.

அம்மாவின் குரல் ஹாலுக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். மேனேஜர் வந்தார். அம்மா அவரிடமும் முதலிலிருந்து சொன்னாள். என் தோளைப் பிடித்துத் திருப்பி, கவுனைக் காட்டினாள். இத்தனை நேரமும் நைனா ஒரு தூணோடு நின்றுகொண்டு, "வுடு, போலாம். போலாம் வா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மேனேஜர் மேல் வந்த கோபத்தைவிட நைனா மேல்தான் அதிகம் வந்தது. ஏமாந்தது அவர். அவரே வாயை மூடிக்கொண்டு நின்றால் என்ன அர்த்தம்?

மேனேஜர் அம்மாவை விட்டுவிட்டு நைனா பக்கம் திரும்பினார். "யோவ், உன் வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு முதல்ல கிளம்பு. இது மீன் மார்க்கெட் இல்ல."

மாமா ஓரடி முன்னால் வந்தார். நைனா கையைக் குறுக்கே நீட்டி அவரைத் தடுத்தார். பிறகு தானே மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"இன்னா சொன்ன."

"கிளம்புன்னேன்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னியே."

மேனேஜருக்குத் தான் சொன்னது நினைவில் இல்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"யோவ்னு சொன்ன," என்றார் நைனா. சத்தம் போடவில்லை. "போன மாசம் வரைக்கும் சாரு. கேட்டதுக்கெல்லாம் தலயாட்டிகினு இருந்த வரைக்கும் சாரு. ஒரு கேள்வி கேட்டா யோவா. அப்ப அந்த சாரையும் பில்லுல போட்டுத்தான் வித்தியா."

ஹாலிலிருந்து வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார். "தம்பி, என் வண்டியையும் ஒரு தடவை தூக்கிக் காட்டிடுங்க. நானும் இதுக்குப் பணம் கட்டியிருக்கேன்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணும் தன் வண்டி எது என்று காட்டினார்.

மேனேஜரின் முதுகு உடனே வளைந்தது. "சார், உள்ள வாங்க சார், பேசிக்கலாம் சார்" என்று நைனாவின் கையைப் பிடிக்கப் போனார். நைனா கையை இழுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார்.

மீதியை அம்மா பார்த்துக்கொண்டாள். ஓட்டைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்து, அடி முழுக்கப் பூசித் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தாள். பூசி முடிக்கும்வரை நாற்காலியைக்கூட மறுத்து லிஃப்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒரு மூலை விட்டுப்போனதை மாமா காட்டிக்கொடுத்தார்.

நான் வெளியே போனேன். நைனா சாலையோரம் நின்று, போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டையப் பத்தி ஒரு வார்த்தகூட கேக்கல நீ. என் கவுனப் பத்தியும் கேக்கல. யோவ்னு சொன்னதுக்குப் போய் சண்ட போடற" என்றேன்.

அவர் முட்டி போட்டு, கைக்குட்டையால் கவுனின் விளிம்பைத் துடைத்தார். "சோப்பு போட்டா போயிடும்" என்றார். கறை போகவில்லை. அதன் பிறகு அந்த ஷோரூம் பக்கமே அவர் போகவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு மரத்தடி மெக்கானிக்கிடம்தான் வண்டியை விட்டார். அங்கே எந்தக் கூடுதல் வேலை சொன்னாலும் "வோணாம்" என்றார். அந்தச் சொல் எங்கிருந்து திடீரென்று வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஏமாந்துபோய் ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள், அவர் மறந்து வைத்துவிட்டுப் போன பிரஷர் மாத்திரையைக் கொடுக்கத் துறைமுக வாசலுக்குப் போனேன். அதுவரை நான் அங்கே போனதில்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், லாரிகளுக்கு நடுவில் நைனா தெரிந்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் ஜீப்பிலிருந்து ஒருவன் விசிலடித்தான். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பான்.

"டேய் பெரிசு. ஒன்னத்தான். காது அவுட்டா. இங்க வா."

ஐம்பதைத் தாண்டிய என் நைனா ஓடினார். அவன் இறங்கவில்லை. ஜீப் சக்கரத்துக்கு முன்னால் கிடந்த கட்டையைக் காலால் சுட்டிக்காட்டினான். அவர் குனிந்து எடுத்து ஓரமாகப் போட்டார். ஜீப் போனது. சுற்றி நின்ற யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அங்கே தினப்படி நடக்கிற விஷயம் என்பது அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஹாலில் அவர் எதற்குத் தலையாட்டினார், எதைக் காசு கொடுத்து வாங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எலுமிச்சை வாசனையை விற்றதை மன்னித்தாலும், அந்த 'சார்' என்ற சொல்லை விற்றதை மன்னிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

வேலியிலிருந்து நகர்ந்து, அவர் கண்ணில் படாத தூரத்துக்கு, பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவருக்கு போன் செய்தேன்.

"நைனா, இப்பதான் பஸ்ஸ வுட்டு எறங்கறேன். எந்த கேட்டுக்கு வரணும்?" என்று கேட்டேன்.